தோற்ற மறுநாள்

தாம்பரத்தில் கிளம்பிய மின்சார ரயிலின் பெண்கள் பெட்டி. எனக்கு எதிரே டென்னிஸ் பையை மடியில் வைத்திருந்த பெண்ணிடம், பக்கத்து சீட் அக்கா ஆபீஸ் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டே கேட்டார்.

“இன்னிக்கு மேட்ச்சாம்மா?”

“இல்லக்கா. நேத்து தோத்துட்டேன். அதான் போறேன்.”

“தோத்தப்புறம் அங்க என்ன வேலை?”

“தகுதிச் சுற்றுல கடைசி மேட்ச் தோத்தவங்க பேர் குடுத்துட்டு அங்கயே காத்திருக்கலாம். உள்ள ஆடறவங்க யாராவது அடிபட்டு விலகினா, அந்த எடம் எங்களுக்கு.”

“அப்ப யாருக்காவது அடிபடணும்.”

“ஆமாக்கா.”

“வேண்டிக்கிட்டியா?”

“அம்மா குன்றத்தூர் கோயில்லேந்து போன் பண்ணாங்க, முருகன்கிட்ட என்னன்னு கேக்கறதுன்னு. சும்மா கும்பிட்டுட்டு வாங்கன்னுட்டேன்.”

பல்லாவரத்தில் இறங்க அக்கா எழுந்தார். “நீ சொல்லலன்னா என்ன, முருகனுக்குத் தெரியாதா?”

“அதான்கா பயமா இருக்கு.”