அங்காயி முதுகு

சத்தம் போடாம கேளுங்க. ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னால, நம்ம இதே வேலங்கண்மாய்ல அங்காயின்னு ஒருத்தி இருந்தாளாம். சரியான வாய்க்காரி. ஆனா கை சுத்தம். கண்மாய் வத்தி மீன் பிடிச்சா, வீட்டுக்கு ஒரு கூறுன்னு பிரிச்சுக் குடுக்கிறது அவதானாம்.

அது ஒரு பஞ்ச வருசம். கண்மாய்ல சேறும் பொடிமீனும்தான். ஒரே ஒரு விரால் கிடைச்சுச்சாம், தொடை தண்டி. கடைசி விரால வெட்டக்கூடாது, முழுசா ஒரு கூறுல வைக்கணும்ங்கிறது அப்ப ஊர்க்கட்டு. அது யாருக்குன்னு அங்காயிதான் சொல்லணும்.

அவ மகளோ புள்ள பெத்துப் படுத்துக் கிடக்கா. பால் ஊறல. பச்சப்புள்ள கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போச்சாம். விரால் சாறு உள்ள போனா பால் சுரக்கும்னு அப்பல்லாம் நம்பிக்கை. மகளப் பெத்த அங்காயிக்கு வயிறு எரியாதா? எரிஞ்சுச்சாம்.

சடையன்னு ஒருத்தன். அவனுக்கும் இவளுக்கும் வரப்புத் தகராறு. அவன் கத்துனானாம், "இனி என்ன கூறு? பெரிய மீனு மக வீட்டுக்குத்தான்!"

அங்காயி என்ன சொன்னாளாம்? "ஆமாடா, எம் மனசு அங்கதான் கிடக்கு. அதுனால எங் கண்ண நானே நம்பல." சொல்லிட்டு, மீனுக்கு முதுகக் காட்டித் திரும்பி நின்னு, ஊர்த்தலைவரு அம்பலத்துக்கிட்டச் சொன்னாளாம். "அம்பலம், நீங்க கூறத் தொடுங்க. நான் பேரச் சொல்றேன்."

"இது யாருக்கு?"

"ராக்குவுக்கு."

"இது யாருக்கு?"

"எம் மகளுக்கு."

பொடிமீன்.

"இது யாருக்கு?"

"சடையனுக்கு."

விரால்!

அம்பலம் மெதுவா, "மாத்திரவா ஆத்தா?"ன்னாராம். "மாத்துனா நாளைக்கு எவன் நம்புவான்?"னு சொல்லிட்டு, திரும்பிப் பாக்காம வீட்டுக்கு நடந்தாளாம். வழியெல்லாம் அழுதாளாம், பாவி மக.

பொழுது சாயிறதுக்குள்ள சடையன் பொண்டாட்டி சட்டியோட வந்து நின்னாளாம். "மதினி, விரால் சாறு. அவருதான் குடுத்துவிட்டாரு. வாசலுக்கு வர வெக்கப்பட்டு வேலிக்கு அங்கிட்டு நிக்கிறாரு."

அன்னையில இருந்து நம்ம ஊர்ல எதப் பங்கு வச்சாலும் ஒருத்தர் திரும்பி நின்னுதான் பேர் சொல்றது. மத்த ஊர்ல முதுகு காட்டுனா கேவலம். இங்க வழக்குன்னு வந்தா, "அங்காயி முதுகு எங்க?"ன்னுதான் கேக்கிறது. நியாயம், நேர்மை, குடுக்கிற மனசு, அம்புட்டுக்கும் நமக்கு அந்த ஒரே சொல்லுதான்.

அந்தப் புள்ள பொழச்சுக்கிச்சு. பொழைக்காம இருந்திருந்தா, இங்க கதை கேக்க உங்கள்ல ஒருத்தரும் இல்ல. சொல்ல நானும் இல்ல.