குளவி என்று கத்திய பிள்ளை

என் பெயர் பெரியசாமி வீரய்யா. வயது எழுபத்தொன்று. விலாசம் லிந்துலை, மஞ்சக்கல் தோட்டம், மேற்பிரிவு, இரண்டாம் லயம். தோட்டத்தில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டி ஓய்வு பெற்றவன். இப்போது ஒரு பசு வளர்க்கிறேன். பொலிஸ் சார்ஜன்ட் ஐயா என் வாக்குமூலத்தைத் தாமே எழுதிக்கொள்வதாகச் சொன்னார். சென்ற வருடம் எழுத்துப் படித்தவன் என்பதால் நானே எழுதுகிறேன் என்று கேட்டேன், அனுமதித்தார்.

எங்கள் தோட்டத்தில் எடுக்கும் சினிமாப் படத்தில் நடிக்கும் பிரேமினி என்ற பத்து வயதுப் பிள்ளை பொய்யாகக் கத்தி, கொழுந்து எடுத்தவர்களைக் கலைத்தாள் என்று மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு யோகேஸ்வரன் ஐயா முறைப்பாடு செய்திருக்கிறார். அவளை நீக்கினால்தான் மீதிப் படத்தைத் தோட்டத்தில் எடுக்கலாம் என்று தோட்டத்தை நடத்தும் துரையும் சொல்லிவிட்டார். பிள்ளை மேல் குற்றமில்லை என்று சொல்லவே வந்தேன்.

பிரேமினி எங்கள் லய வரிசை வீடுகளில் அடுத்த காம்பிராவில் இருக்கும் மீனம்மாவின் மகள். முதலில் ஒரு தொலைக்காட்சி நாடகத்தில் குடத்துடன் நடந்து போனாள். முதுகுதான் தெரிந்தது, ஆனாலும் லயமே கைதட்டியது. அதன் பிறகு இன்னொரு நாடகத்தில் காய்ச்சலில் செத்துப்போனாள். மறுநாள் காலையில் பக்கத்து லயத்துப் பெண்கள் வந்து, அவள் பல் விளக்குவதைப் பார்த்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். மீனம்மா மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். அதன் பிறகு இந்தப் படம் கிடைத்தது. முதலிலிருந்து கடைசி வரை வரும் வேடம் அவளுக்கு இதுதான் முதல் தடவை.

சம்பவ தினம் காலையில் நான் பால் கொண்டு போகும்போது, வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் டைரக்டர் மிலான் பேசிக்கொண்டிருந்தார். பிள்ளை “தேனீ, தேனீ” என்று கத்துவாள், அது நடிப்பு, யாரும் ஓட வேண்டாம் என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதன் பிறகு நான் படம் எடுக்கும் இடத்துக்குப் பக்கத்தில் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். பிள்ளை இரண்டு தடவை “தேனீ” என்று கத்தினாள். மலையில் ஒருவரும் நிமிரவில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நாகலெட்சுமி மட்டும், “தேன் எடுத்தா எங்களுக்கும் கொஞ்சம் கொண்டு வாடி!” என்று திருப்பிக் கத்தினார். சிரிப்பாகிவிட்டது.

அதன் பிறகு பிள்ளை டைரக்டரிடம் போய், “அங்கிள், எங்க மலையில யாரும் தேனீன்னு கத்த மாட்டாங்க. குளவின்னுதான் கத்துவோம்” என்றாள். அவரும் யோசித்துவிட்டு, அப்படியே கத்தச் சொன்னார். சொல் மாறியதை மலையில் இருந்தவர்களுக்குச் சொல்ல அவருக்கும் தோன்றவில்லை, பக்கத்தில் நின்று கேட்ட எனக்கும் தோன்றவில்லை. குளவி கொட்டி எங்கள் மலையில் ஆள் செத்திருக்கிறது. தேனீ என்பது எங்களுக்குப் பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல்.

அதன் பிறகு அவள், “குளவி! குளவி! படுங்க!” என்று கத்திக்கொண்டு ஓடிவந்தாள். நான் சாக்கைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு தேயிலைக்கு அடியில் படுத்துவிட்டேன். எழுந்து பார்த்தபோது மலை முழுக்கக் கூடைகள் உருண்டு கிடந்தன. நாகலெட்சுமி மழைநீர் ஓடும் கானில் விழுந்து மணிக்கட்டு பிசகியிருந்தது. கண்டாக்கு ஐயா கீழே ரோட்டில் நின்றார், தொப்பி மட்டும் மேலே கிடந்தது. பிள்ளை நாகலெட்சுமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அது நடிப்பு அல்ல.

இன்று நாகலெட்சுமி கையில் கட்டுடன் இந்தப் பொலிஸ் நிலையத்துக்கு வந்து, பிள்ளை, மீனம்மா, கண்டாக்கு ஐயா எல்லோருக்கும் முன்னால், “கை ஆறிடும் ஐயா. புள்ளய படத்துலேருந்து தூக்கிட்டா நான் விழுந்தது வீணாப் போயிரும்” என்று சொன்னார்.

அதன் பிறகு சார்ஜன்ட் ஐயா என்னிடம், “நடிப்புன்னு காதால கேட்ட ஆளு நீங்க ஏன் படுத்தீங்க?” என்று கேட்டார். “நீங்க அந்தச் சத்தத்த கேக்கலையே ஐயா” என்றேன். உடனே அவர் பிள்ளையை ஒரு தடவை கத்திக் காட்டச் சொன்னார். பிள்ளை தாயைப் பார்த்தாள், மூக்கைத் துடைத்தாள், கத்தினாள்.

வாசலில் நின்ற கான்ஸ்டபிள் கதவை அடைத்தார். சார்ஜன்ட் ஐயா தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். கண்டாக்கு ஐயாவை நாற்காலியில் காணவில்லை. மேசைக்கு அடியில் இருந்தார்.

முதலில் சிரித்தவர் மீனம்மா. அதன் பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. கண்டாக்கு ஐயா வெளியே வந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, “மொறைப்பாட்ட நான் வாபஸ் வாங்கிக்கிறேன். தொரைகிட்டயும் நானே பேசுறேன். ஆனா இனிமே என்ன சொல்லு கத்தப் போறன்னு பெரட்டுல சொல்லிட்டுத்தான் கத்தணும், வெளங்குச்சா?” என்றார். “சரிங்க ஐயா” என்றாள் பிள்ளை. அந்தச் சரியைத்தான் மெதுவாகச் சொன்னாள்.

இதில் எழுதியவை நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும் மட்டுமே. சாக்குக்குள் படுத்துக்கிடந்த நேரத்தில் நடந்ததற்கு நான் சாட்சி அல்ல. யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. நானே வாசித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

கையொப்பம்,
பெ. வீரய்யா