விலகிக்கொண்ட ஆறு பேர்

என் கையெழுத்து நன்றாக இருக்கும். என் சீட்டை வாசிக்கக் கண்ணாடி வேண்டாம் என்று மருந்துக் கடைக்காரர்களே சொல்வார்கள். ஆகவே உங்கள் விசாரணை மேசையில் இருக்கும் ஆய்வு நோட்டு என்னுடையதில்லை என்று சொல்லப்போவதில்லை. நர்ஸ் பத்மாசனி அதை உங்களிடம் கொடுத்ததிலும் எனக்கு வருத்தமில்லை.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் ஆஸ்பத்திரிக்கு வருஷத்தில் அறுபது, எழுபது பாம்புக்கடி வரும். பெரும்பாலும் வன்னியம்பட்டி வயல்களிலிருந்து. விஷமுறிவு மருந்தைப் பத்துக் குப்பியாவது ஏற்றுவது வழக்கம். அந்த மருந்துக்கோ எங்கும் தட்டுப்பாடு. இரண்டு குப்பி போதும் என்று நிரூபித்துவிட்டால் எத்தனை ஆயிரம் பேர் பிழைப்பார்கள்? மெட்ராஸில் இருக்கும் பெரிய டாக்டர்கள் யாருக்கும் இது தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது.

எண்பத்தொன்பதில் ஆரம்பித்தேன். ஒற்றைப்படை எண்ணில் சேர்ந்தவர்களுக்குப் பத்துக் குப்பி, இரட்டைப்படைக்கு இரண்டு. அவர்களிடம் சம்மதம் கேட்டேனா என்கிறீர்கள். கண் சொருகிக் கிடப்பவனிடம் எதைக் கேட்பது?

அய்யூப் இருபத்தெட்டாவது ஆள். புளி வியாபாரி. செண்பகத்தோப்பில் மூட்டையைத் தூக்கும்போது நல்லபாம்பு கடித்திருந்தது. காலை பத்து மணிக்கு அவருக்கு இரண்டு குப்பி ஏற்றினேன். பதினொன்றரைக்கு அவர் மனைவி மெகராஜ் பேகம் என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"டாக்டரய்யா, அவியளுக்கு இமை தூக்க மாட்டேங்குது. எச்சி முழுங்க முடியல. இன்னொரு ஊசி போடுங்களேன்."

"போட வேண்டியதைப் போட்டாச்சும்மா. செத்த நேரம் பொறு."

நான் வார்டுக்கு நடந்தேன். பத்மாசனி என் பின்னாலேயே வந்தாள். "சார், அலமாரியில நாப்பது குப்பி இருக்கு. எடுத்துட்டு வாரேன்."

"எடுத்தா, இத்தனை மாச வேலையும் கெட்டுப்போகும்" என்றேன். அலமாரிச் சாவியை என் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒன்றேகாலுக்கு அய்யூபின் மூச்சு நின்றது. மெகராஜ் பேகம் கத்தவில்லை. "நீங்க முடிஞ்சதைச் செஞ்சிய. அவிய ஆயுசு அம்புட்டுதான்" என்றாள். நான் தலையசைத்தேன்.

அவரையும் சேர்த்து அப்படி ஆறு பேர். கட்டுரையில் அவர்களை 'இடையில் விலகிக்கொண்டவர்கள்' என்று எழுதினேன். விலகினார்கள்தானே. மிஞ்சியவர்களில் ஒருவரும் சாகவில்லை. முடிவு தெளிவாக இருந்தது. பத்திரிகை அச்சிட்டது. மெட்ராஸ் மாநாட்டில் எழுந்து நின்று கைதட்டினார்கள். இப்போது, நான்கு வருஷம் கழித்து, கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்கிறீர்கள். பெற மாட்டேன். ராஜபாளையத்தில் இரண்டு டாக்டர்கள் இன்றைக்கும் நான் சொன்ன அளவைத்தான் ஏற்றுகிறார்கள்.

நோட்டின் ஓரத்தில் எண் போடாமல் எழுதியிருக்கும் பெயரைக் காட்டிக் கேட்டீர்கள். பங்கஜவல்லி, என் மகள். அய்யூப் இறந்த அதே மாதம் எங்கள் கொல்லையில் அவளைப் பாம்பு கடித்தது. பன்னிரண்டு குப்பி ஏற்றினேன். இப்போது மதுரையில் கல்லூரிக்குப் போகிறாள். இரண்டு குப்பியோடு ஏன் நிறுத்தவில்லை என்று பத்மாசனியும் அன்றைக்குக் கேட்டாள். அதற்குச் சொன்ன பதில்தான் உங்களுக்கும்.

என் மகள் ஆய்வில் இல்லை.