பாஞ்சாலையின் நாற்பது நிமிடங்கள்

மண்ணோடு மல்லுக்கட்டி, நெருப்புக்கு நெஞ்சைக் காட்டி, பீங்கானுக்குப் பளபளப்பையும் விருத்தாசலத்துக்குப் பெயரையும் வாங்கித் தந்த பெருமக்களே! இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்று, நான் பேச்சை நீட்டினால் கடிகாரத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்ப்பதாக வாக்களித்திருக்கும் சங்கத் தலைவர், மதிப்பிற்குரிய அலாவுதீன் பாய் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த தொழிலாளர்களே! வேப்பூரிலிருந்தும் நல்லூரிலிருந்தும் கம்மாபுரத்திலிருந்தும் விடியலுக்கு முன் பஸ் பிடித்து வந்து உழைத்துவிட்டு, வீடு திரும்பும் பஸ்ஸைத் தவறவிட்டாலும் பரவாயில்லை என்று இங்கே உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! இந்தப் பேச்சை நாளைக் காலையில் எந்த அலுவலகத்தில் போய் ஒப்பிக்கலாம் என்று சுவரோரம் நின்று மனப்பாடம் செய்துகொண்டிருக்கும் அன்பர் எவரேனும் இருந்தால், அவரே! அனைவருக்கும் அம்புஜவல்லியின் பணிவான வணக்கம்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சிரித்துக்கொண்டே பக்கத்தில் இருப்பவரை ஒருமுறை திரும்பிப் பார்த்தீர்கள் அல்லவா? அந்தப் பார்வையைப் பற்றித்தான் நான் பேச வந்திருக்கிறேன்.

வருகிற திங்கட்கிழமை இந்தத் தொழிற்பேட்டையில் இன்னும் நான்கு ஆலைகளுக்கு நேரம் பார்க்கும் கம்ப்யூட்டர் வருகிறது. எங்கள் ஆலைக்கு அது சென்ற ஆண்டு, இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு ஆடி மாதத்தில் வந்தது. பதினாறு ஆண்டுகளாக அங்கே பீங்கான் பியூஸ் கட்டைக்கு மெருகு பூசுகிறவள் நான். ஆகவே, அது வந்தால் என்ன நடக்கும் என்பதை வதந்தியாக அல்ல, வாழ்ந்து பார்த்த வாக்குமூலமாகச் சொல்கிறேன்.

முதல் நாள் எங்களுக்கு ஆளுக்கொரு அட்டை கொடுத்தார்கள். கழுத்தில் தாலியும் மணியும் தொங்கும் இடத்தில் தாம்புக் கயிறு போல ஒரு நாடா. ஒவ்வொரு பிரிவின் வாசலிலும் ஒரு பெட்டி. உள்ளே போனால் அட்டையைக் காட்ட வேண்டும், வெளியே வந்தாலும் காட்ட வேண்டும். பெட்டி ‘கீச்’ என்று கத்தும். அந்தக் கத்தல் அத்தனையும் மேலாளர் குருமூர்த்தி அவர்களின் மேசையில் இருந்த கம்ப்யூட்டரில் போய் வரிசையாக உட்காரும். தண்ணீர் குடிக்கப் போனது எத்தனை நிமிடம்? தலை முடியப் போனது எத்தனை நிமிடம்? சொல்லக் கூசும் காரியத்துக்குப் போனது எத்தனை நிமிடம்? பெற்ற தாய் கேட்காத கேள்வியை எல்லாம் ஒரு பெட்டி கேட்டது.

நாங்கள் சந்தேகப்பட்டோம். சந்தேகப்படாமல் இருக்க முடியுமா? “உங்க நல்லதுக்குத்தாம்மா, ஓவர்டைம் சரியா ஏறும்” என்றார் மேலாளர். நம் நல்லதுக்கு என்று சொல்லிக்கொண்டு வருகிற எதையும் நாம் இருமுறை முகர்ந்து பார்ப்பவர்கள் அல்லவா? முகர்ந்து பார்த்தோம். முதலாளியைச் சந்தேகித்தோம், மேலாளரைச் சந்தேகித்தோம், அட்டையைச் சந்தேகித்தோம். அட்டைக்குள் நாம் பேசுவதைப் பதிவு செய்யும் கருவி இருக்கிறது என்று சொல்லி, ஒரு வாரம் அதை முந்தானைக்குள் மூடி வைத்துக்கொண்டு பேசியவள் நான்தான்.

பின்னால் ஓர் அண்ணன் கேட்கிறார், “நெசமாவே இருந்துதாம்மா?” என்று. இல்லை அண்ணே. ஆனால் அதைவிட மோசமான ஒன்று இருந்தது. அதற்குத்தான் வருகிறேன்.

ஒரு மாதம் முடிந்ததும் அறிவிப்புப் பலகையில் ஒரு பட்டியலை ஒட்டினார்கள். ‘பணியிடத்தில் இல்லாத நேரம்’ என்று தலைப்பு. எனக்கு நாளொன்றுக்குப் பன்னிரண்டு நிமிடம். என் பக்கத்து இருக்கைக்காரிக்கு ஒன்பது நிமிடம். பட்டியலின் உச்சியில் ஒரு பெயர். பாஞ்சாலை. தினந்தோறும் காலை பதினோரு மணி முதல் பதினொன்று நாற்பது வரை. நாள் தவறாமல் நாற்பது நிமிடம்.

பாஞ்சாலை யார் என்று இங்கே பலருக்குத் தெரியாது. கம்மாபுரம் பக்கத்துக்காரர். அச்சிலிருந்து வரும், இன்னும் சூளை காணாத பச்சைக் கட்டைகளின் பிசிறைச் சுரண்டி, ஈரத்துணியால் துடைத்துத் தட்டில் அடுக்குகிற வேலை. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு வார்த்தை பேசுவார். எனக்கும் அவருக்கும் பதினாறு ஆண்டுப் பழக்கம். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். என் சோற்றுத் தூக்கில் அவர் கை நுழையும், அவர் குழம்புக் கிண்ணத்தில் என் கை நுழையும்.

அந்தப் பாஞ்சாலை நாற்பது நிமிடம் எங்கே போகிறார்? ஆலைக்குள் வேறு எந்த வாசல் பெட்டியும் அவர் பெயரைச் சொல்லவில்லை. தன் பிரிவிலிருந்து வெளியே போகிறார், நாற்பது நிமிடம் காற்றில் கரைகிறார், திரும்பி வருகிறார். ஒரு வாய் சொன்னது, யாரையோ பார்க்கப் போகிறாள் என்று. இன்னொரு வாய் அதற்குக் கை கால் வைத்தது. மூன்றாவது வாய் என் வாய். அது என்ன சொன்னது தெரியுமா?

அந்த வாரம்தான் நாங்கள் பெட்டிகளை எடுக்கச் சொல்லி ஒரு மனு எழுதியிருந்தோம். யாருக்கும் தெரியாமல் எழுதி, யாருக்கும் தெரியாமல் தட்டச்சு செய்து, யாருக்கும் தெரியாமல் கையெழுத்து வாங்கினோம். ஆனால் மனுவைக் கொடுப்பதற்கு முதல் நாளே மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “மூணாவது பாயிண்டு கொஞ்சம் ஓவரா இருக்குதும்மா” என்றார். யார் சொன்னது? யார் காட்டிக் கொடுத்தது? நாற்பது நிமிடம் காணாமல் போகிறவள் யார்?

சாப்பாட்டு நேரத்தில் பெண்களைக் கூட்டி வைத்து நான் சொன்னேன், “அவகிட்ட பாத்துப் பேசுங்க. வாய வுட்டுடாதீங்க.”

அவ்வளவுதான் சொன்னேன். ஆனால் சூளையில் வைத்த தீ, வைத்த இடத்திலேயே நிற்குமா? மறுநாள் பாஞ்சாலை சோற்றுத் தூக்கோடு வந்து உட்கார்ந்தபோது எட்டுப் பேர் எழுந்து நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் என் சோற்றைப் பார்த்தேன். அன்றிலிருந்து இருபத்திரண்டு நாள் அவரோடு ஒருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இதற்கிடையில் ஒரு திங்கட்கிழமை அவர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டியதை ஒருத்தி பார்த்துவிட்டு வந்து சொன்னாள். உங்களுக்குத் தெரியும், மனிதரிடம் நியாயம் கிடைக்காதவர் அந்தச் சன்னதியில் மனு எழுதிக் கட்டுவார். யார் மேல் பிராது? அன்று எங்கள் பிரிவில் ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தது, ஒருத்தி பஸ் படியில் வழுக்கி விழுந்தாள். பிராது தன் மேல்தானோ என்று ஆளாளுக்கு நடுங்கினோம். நடுங்கினோமே தவிர, நேரே போய், “ஏன் பாஞ்சாலை, என்ன நடக்குது?” என்று ஒருத்தியாவது கேட்டோமா? கேட்கவில்லை. பெட்டிதான் சொல்லிவிட்டதே. பெட்டி சொன்ன பிறகு பெண்ணைக் கேட்பானேன்?

இருபத்து மூன்றாம் நாள் விசாரணை. மேலாளர் அறையில் அவர் ஒரு பக்கம், பாஞ்சாலை ஒரு பக்கம், தொழிலாளர் சார்பில் நான். என் லட்சணத்தைப் பாருங்கள். காப்பாற்ற உட்கார்ந்தவள், பாஞ்சாலைதான் காட்டிக் கொடுத்தவள் என்று எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன்.

“சொல்லும்மா, நாப்பது நிமிஷம் எங்க போற?”

“வெளிய போறங்க.”

“வெளியன்னா எங்க?”

“வெளியதாங்க.”

“இப்புடிச் சொன்னா நான் என்னன்னு எழுதறது? வேல போயிடும்மா.”

மேலாளர் பேனாவை எடுத்தார். நான் தடுக்கவில்லை.

அப்போது அந்த அறை வாசலில் பெட்டி கத்தியது. சாமிக்கண்ணு அண்ணன் உள்ளே வந்தார். சூளையில் டிராலி ஏற்றுகிறவர். பச்சைக் கட்டைகளை அடுக்கி, அரைமணிக்கு ஒரு டிராலியைச் சூளைக்குள் தள்ள வேண்டும். சூளை யாருக்காகவும் காத்திருக்காது. இருபத்தாறு ஆண்டு அந்தத் தூசியில் நின்ற மனிதர். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பேச்சு வருமுன் இரைப்பு வந்தது.

“சார், அது எனக்காக வந்துதுங்க. பதினோரு மணிக்கு என் கூட்டாளி சாப்புடப் போயிடுவாரு. தனியா தள்ள எனக்கு மூச்சு நிக்க மாட்டேங்குது. அது பின்பக்கமா சுத்தி வந்து ரெண்டு டிராலி ஏத்திக் குடுக்கும். நான் அந்த நேரம் செத்த உக்காருவேன்.”

பாஞ்சாலை திரும்பினார். இருபத்திரண்டு நாள் அடக்கிய கோபத்தை எங்கள் மேல் காட்டாமல் அவர் மேல் காட்டினார். “ஒங்கள யாருண்ணே இங்க வரச் சொன்னது? எம் பாட்டைப் பாத்துக்க எனக்குத் தெரியாதா? இப்ப ஒங்க வேலையில்ல போவும்?”

பெருமக்களே, சூளையின் பின்பக்க வழியில் பெட்டி கிடையாது. சூளை வாசல் பெட்டியில் அட்டையைக் காட்டினால், இவள் ஏன் இங்கே வந்தாள் என்ற கேள்வி வரும். கேள்வி வந்தால் சாமிக்கண்ணு அண்ணன் உட்கார்ந்தது தெரியும். தெரிந்தால், உடம்புக்கு முடியாதவர் என்று வீட்டுக்கு அனுப்புவார்கள். அதற்காகப் பின்பக்கம் சுற்றினார் அந்தப் பெண். தன் தட்டுகளில் ஒன்று குறைந்ததா? குறையவில்லை. மற்றவர்கள் கைகழுவும் நேரத்திலும் குனிந்து பிசிறு சுரண்டி அதைச் சரிக்கட்டியிருந்தார். நாற்பது நிமிடம் இல்லை என்று சொன்ன பெட்டி, நிரம்பிய தட்டைப் பார்க்கவில்லை. பெட்டிக்குக் கண் இல்லை. கண் இருந்த நாம் பார்த்தோமா?

மேலாளர் கெட்டவர் அல்ல. அவர் திரையைப் பார்த்தார், இவர்களைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். “சிஸ்டத்துல இதுக்கு எடமில்லையேம்மா” என்றார்.

நான் எழுந்தேன். “எழுதாதீங்க சார்” என்று மட்டும் சொல்லி, கழுத்து அட்டையைக் கழற்றி அவர் மேசையில் வைத்தேன். வெளியே ஓடினேன். முதலில் இரண்டு பேரைச் சூளைக்கு அனுப்பினேன், டிராலி நின்றுபோயிருந்தது. பிறகு பிரிவு பிரிவாகப் போய், நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அதைச் சொல்வது எளிதாக இருந்தது என்று நினைக்காதீர்கள். ஒரு வரியில் கிளப்பிய சந்தேகத்தை அணைக்க அறுபது பேரிடம் அறுபது முறை தலை குனிந்தேன்.

அன்று ஷிப்ட் முடிந்து ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. மேலாளர் மேசையில் அறுபத்தோரு அட்டைகள் குவிந்தன. நான்கு நாள் பேச்சுவார்த்தை. முடிவில், பாஞ்சாலை மேல் இருந்த விசாரணை கைவிடப்பட்டது. சாமிக்கண்ணு அண்ணனை, சுட்ட கட்டைகளை வைக்கோல் சுற்றிப் பெட்டியில் அடுக்கும் பிரிவுக்கு மாற்றினார்கள். சூளையில் அந்த நேரத்துக்கு இரண்டாவது ஆள் போட்டார்கள். பட்டியலைப் பலகையில் ஒட்டுவது நின்றது. பிரிவு வாசல் பெட்டிகள் போயின. ஆலை வாசல் பெட்டி இன்னும் இருக்கிறது. வெற்றி முழுமையானது என்று சொல்லி உங்களை நான் ஏமாற்ற மாட்டேன்.

மனு எப்படி வெளியே போனது என்று கேட்கிறீர்களா? தாய்மார்கள் அதைக் கேட்காமல் விட மாட்டார்கள். கடலூர் சாலையில் நாங்கள் ரகசியமாகத் தட்டச்சு செய்த கடை இருக்கிறதே, அந்தக் கடைக்காரர்தான் மேலாளருக்காக எங்கள் அட்டைகளில் பெயர் அச்சடித்துக் கொடுத்தவர். ரகசியத்தைக் கொண்டுபோய் அவர் கையிலேயே கொடுத்தவள் நான். காட்டிக் கொடுத்தவளை ஆலை முழுக்கத் தேடினேன், கண்ணாடியில் தேடவில்லை.

இதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பாஞ்சாலை வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று, “மன்னிச்சுக்க பாஞ்சாலை. அந்த மிஷினு சொன்னத நம்பிப்புட்டேன்” என்றேன். அவர் மல்லாட்டையை உடைத்துக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிமிராமல் சொன்னார்:

“மிஷினு மேல எனக்கு ஒண்ணும் கோவமில்ல அம்புஜம். அதுக்கு என்னத் தெரியாது. ஒனக்குத் தெரியுமில்ல?”

தண்ணீர் கொடுத்தார். குடித்தேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை. இன்றைய கூட்டத்துக்கு அழைத்தேன், வரவில்லை. அவர் கதையை மேடையில் சொல்லலாமா என்று கேட்டதற்கு மட்டும் தலையாட்டினார்.

ஆகவே, அருமைத் தோழர்களே, திங்கட்கிழமை உங்கள் வாசலில் பெட்டி கத்தும்போது அதைச் சந்தேகப்படுங்கள். என்ன எழுதுகிறது, யாருக்கு எழுதுகிறது, எதற்கு எழுதுகிறது என்று ஆயிரம் கேள்வி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அதைப் பார்க்கும் கண்ணால் ஒருவரை ஒருவர் பார்க்காதீர்கள். ஆலை வாசலில் ஒரு பெட்டி இருந்தால் சங்கம் பார்த்துக்கொள்ளும். ஆளுக்கொரு நெஞ்சில் ஒரு பெட்டி முளைத்துவிட்டால் எந்தச் சங்கம் எடுக்கும்? எந்த மனு எடுக்கும்? எந்தப் போராட்டம் எடுக்கும்?

தலைவர் அனுமதியோடு ஒரு தீர்மானத்தை முன்வைக்கிறேன். பட்டியலில் யார் பெயர் வந்தாலும், அன்றைக்குள், அந்தப் பொழுதுக்குள், நம்மில் ஒருவர் அவர் பக்கத்தில் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்து, “என்ன ஆச்சு?” என்று கேட்க வேண்டும். அவர் சொல்லாவிட்டாலும் எழுந்து போகக் கூடாது. ஏற்பவர்கள் கை உயர்த்துங்கள்.

முன்வரிசை உயர்ந்துவிட்டது. தாய்மார்கள் உயர்த்திவிட்டார்கள். சுவரோரம் நிற்பவர்களும் உயர்த்துகிறார்கள், பார்க்கிறேன். அந்தக் கைகளில் களிமண் காய்ந்திருக்கிறது. இந்தக் கைகளை நான் நம்புகிறேன்.

பொறுமையோடு கேட்ட உங்கள் செவிகளுக்கும், குறுக்கே ஒருமுறைகூட மணியடிக்காத தலைவருக்கும் என் நன்றி. பஸ்ஸுக்கு நேரமானவர்கள் புறப்படுங்கள். தனியாகப் போகாதீர்கள், பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிட்டுக்கொண்டு போங்கள். வணக்கம்.