பன்னிரண்டாவது முடிச்சு

கரண்ட் வருவதற்குள் சொல்லி முடித்துவிடுகிறேன். இந்த வார்டில் நாம் ஆறு பேர், ஆறு பேருக்கும் கால் ஒடிந்து கிடக்கிறது. பயந்தாலும் எழுந்து ஓட முடியாது. அதனால் பாதியில் நிறுத்தச் சொல்லாதீர்கள்.

பேய் என்றாலே அமாவாசை, நடுச்சாமம் என்று ஆரம்பிப்பார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. கடையநல்லூர் மம்மது என் சிநேகிதன், பொய் சொல்ல வராத ஆள். அவனுடைய அக்கா வீட்டில் நடந்த சங்கதி.

எழுபத்தொன்பதாம் வருஷம். மணி பன்னிரண்டு. சங்கரன்கோவிலில் இருந்து குருவிகுளம் போகிற ரோட்டில் ஒரே ஒரு குதிரை வண்டி போகிறது. இரண்டு பக்கமும் கரிசல் வெடித்துக் கிடக்கிறது. ஆள் இல்லை, ஆடு இல்லை. குளம்புச் சத்தம் மட்டும்... டக்... டக்... டக். வண்டிக்குள் மம்மதுவின் மச்சான் மசூது, அந்த அக்காவின் புருஷன். இடது கால் நீட்டியபடி இருக்கிறது. முழங்கால் முதல் கணுக்கால் வரை மூங்கில் பத்தை வைத்துக் கட்டிய கட்டு.

மசூது தறிக்காரன். துபாயில் கட்டட வேலைக்கு விசா வந்திருந்தது. வந்த வாரமே பாவு நூல் மூட்டையோடு மாடிப்படியில் உருண்டு காலை ஒடித்துக்கொண்டான். நேரம் அப்படி. இப்போது இன்னும் நாலு நாளில் பம்பாய் ரயில். அங்கே டாக்டர் நடக்கச் சொல்லிப் பார்ப்பார், நொண்டினால் விசா போச்சு. வீட்டில் மனைவி மெஹர்பானு, ஏழு மாதக் குழந்தை அலிமா. அந்த ஒரு காலைத்தான் குடும்பமே நம்பிக்கொண்டிருந்தது.

கட்டுப் போட்டவர் மூக்காண்டி வைத்தியர். காலை இழுத்துப் பொருத்தி, முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, துணி சுற்றி, பத்தை வைத்து இறுக்கி, கடைசியாக ஒரு முடிச்சுப் போடுவார். போடும்போதும் அவிழ்க்கும்போதும் ஒரே கேள்விதான். "வலிக்கா மக்கா?" அவிழ்த்த துணியைப் பந்து மாதிரி அழகாகச் சுருட்டி, தலைமாட்டில் வலது பக்கம் வைத்துவிட்டுப் போவார். அது அவர் பழக்கம்.

மசூதிடமும் அன்றைக்கே சொல்லித்தான் அனுப்பினார். "நாப்பத்தஞ்சாம் நாளு வாரும். நானே அவுத்து விடுதேன். கட்டுனவன் கைதான் அவுக்கணும். வேற ஒரு பய தொடப்படாது."

வண்டியில் போன அன்று நாற்பதாம் நாள்தான், ரயிலுக்காக முன்கூட்டியே அவிழ்க்க வந்திருந்தான். குருவிகுளத்தில் வைத்தியர் கட்டுப் போடும் கொட்டகையில் வண்டி நின்றது. வைத்தியரின் மகன் காசி மொட்டைத் தலையோடு வந்தான். எண்ணெய் வாசம் அப்படியே இருந்தது, ஆள்தான் இல்லை. வைத்தியர் செத்து நாலு நாள் ஆகியிருந்தது.

"ஆள் விட்டோமே பாய், ஏன் வரலை?"

மசூதுக்குத் தகவல் வந்ததுதான். அன்று பாஸ்போர்ட் விஷயமாக ஏஜெண்டைப் பார்க்கப் போய்விட்டான். செத்த வீட்டுக்கு அப்புறம் போய்த் துக்கம் கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்துவிட்டான்.

"எங்க வீட்டுல ஒரு வழக்கம் உண்டும். வைத்தியம் பாக்குதவரு செத்துட்டா, கட்டோட இருக்கிறவங்க எல்லாரும் எடுக்கதுக்கு முன்ன வரணும். அவரு கையை எடுத்து ஒவ்வொரு முடிச்சுலயும் வைப்போம். அவரே அவுத்த கணக்கு. பெறகுதான் நான் தொடலாம். பதினோரு பேரு வந்தாங்க. பன்னெண்டாவது ஆளு நீரு. உமக்காகச் சாயங்காலம் வரைக்கும் போட்டு வச்சிருந்தோம்."

காசி மெதுவாகச் சொன்னான். "அவரு வெரலு ரெண்டு விரியவே இல்லை பாய். முடிச்சைப் பிடிச்ச மாதிரியே நின்னுச்சு. அப்படியேதான் எரிச்சோம்."

மசூது கெஞ்சினான், கத்தினான். காசி அந்தக் கட்டைத் தொடவே மாட்டேன் என்றுவிட்டான். ரயிலை விட்டால் விசா போய்விடும். மசூது வீட்டுக்கு வந்தான். தறியில் கிடந்த கத்தரியை எடுத்து, மெஹர்பானு தடுக்கத் தடுக்க, தானே கட்டை வெட்டினான். துணியையும் பத்தையையும் அடுப்பில் போட்டான். முட்டை கருகிய நாற்றம் தெரு முழுக்க அடித்தது.

கால் என்னவோ நேராகத்தான் இருந்தது. கம்பை ஊன்றி நாலு எட்டு நடந்தான். வீடே சந்தோஷத்தில் அழுதது.

மறுநாள். உச்சி வேளை. மசூது படுத்திருக்கிறான், தூக்கம் இல்லை. இடது காலில் இரண்டு விரல் படுகிறது. சில்லென்று... எண்ணெய்ப் பிசுக்கோடு. கெண்டைக்காலைச் சுற்றித் தடவுகிறது, முழங்காலுக்கு வருகிறது, திரும்பக் கீழே போகிறது. எதையோ தேடுகிற விரல். கண்ணைத் திறந்தால் யாரும் இல்லை.

கொல்லைப்பக்கம் மெஹர்பானு கூப்பிட்டாள். துணி காயப்போடும் கொடி அவிழ்ந்து, துணியெல்லாம் மண்ணில் கிடந்தது. கயிற்றைக் காணோம். தேடிப் பார்த்தால், மசூதின் தலைமாட்டில் வலது பக்கம்... பந்து மாதிரி சுருட்டி வைத்திருக்கிறது.

இரண்டாம் நாள் தறியில் பாவு இழை அத்தனையும் முடிச்சு அவிழ்ந்து கிடந்தது. பயணப் பெட்டி கட்டிய கயிறும் அவிழ்ந்து போயிற்று.

மூன்றாம் நாள் அதே உச்சி வேளை. அலிமா தொட்டிலில் தூங்குகிறாள். உத்திரத்தில் இருந்து தொங்குகிற சேலைத் தொட்டில். மெஹர்பானு எதற்கோ திரும்பிப் பார்த்தாள். உத்திரத்து முடிச்சு தானாக நெகிழ்ந்துகொண்டிருந்தது. அவசரமே இல்லாமல், நோயாளிக்கு வலிக்கக் கூடாது என்கிற மாதிரி, ஒவ்வொரு சுற்றாக. பாய்ந்து போய்க் கீழே கையை நீட்டினாள். பிள்ளை கையில் விழுந்தது. ஒரு மூச்சு தாமதித்திருந்தால்... வேண்டாம், அதை நான் சொல்லவில்லை.

மம்மது காசியிடம் ஓடினான். காசி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான். "அவரு போட்ட முடிச்சைத் தேடுதாரு. அதைத்தான் உம்ம மச்சான் சாம்பலாக்கிட்டாரே. இனி கண்ட முடிச்சையெல்லாம் அவுத்துப் பாப்பாரு. என்னால என்ன செய்ய முடியும்?"

நாலாம் நாள் மசூது ரயில் ஏறினான். இப்போது விசாவுக்காக மட்டும் இல்லை. "அது என் காலைத் தேடித்தான் வருது மெஹரு. நான் போயிட்டா எம்பின்னாலயே வந்துரும். பிள்ளை தப்பிச்சுக்கிடும்." ஜன்னல் வழியாக அவன் அழுததை மம்மது பார்த்தான்.

பம்பாய் டாக்டரிடம் நடந்து காட்டித் தேறிவிட்டான். மூன்று மாதம் கழித்து துபாயில் இருந்து ஒரு டேப் ரிக்கார்டரும், மசூது பேசி அனுப்பிய கேசட்டும் வந்தன. "இங்கன கட்டடத்துல சாரம் பூராவும் கயித்துலதான் நிக்கி. ஒரு முடிச்சு அவுறலை. அது என்னை விட்டுட்டுது. அங்கன ஒண்ணும் இல்லையே? நீ பேசி அனுப்பு, அப்பதான் எனக்குச் சோறு இறங்கும்."

பதில் பதிவு செய்ய மம்மது அக்கா வீட்டுக்குப் போனான். உச்சி வேளை. வீடு என்னவோ மாதிரி இருந்தது. கொடி இல்லை. துணியெல்லாம் மூலையில் குவிந்து கிடந்தது. தொட்டில் இல்லை, அலிமா தரைப்பாயில் கிடந்தாள். அக்கா தலைமுடியைக் கூட முடிந்துகொள்ளாமல் விரித்துவிட்டிருந்தாள்.

"என்னக்கா இது?"

"புழுக்கமா இருக்குடா. நீ பொத்தானை அமுக்கு."

அமுக்கினான். அவள் குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. "அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க நல்லா இருக்கோம். இங்கன ஒண்ணும் இல்லை. நீங்க போன அன்னைக்கே எல்லாம் நின்னு போச்சு. நீங்க நிம்மதியா வேலையைப் பாருங்க." அப்போது பாயில் கிடந்த அலிமா இடது காலைத் தூக்கிக்கொண்டு களுக்கென்று சிரித்தாள். வாப்பாவுக்குப் பிள்ளை சிரிப்பும் போகட்டும் என்று மம்மது ரிக்கார்டரை நிறுத்தவில்லை. தெருவில் மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு ஆரம்பித்த பிறகுதான் நிறுத்தினான்.

நன்றாகப் பதிந்திருக்கிறதா பார்ப்போம் என்று வாசலுக்குக் கொண்டுபோய்த் தனியாகப் போட்டுக் கேட்டான். அக்கா குரல் வந்தது. நாங்க நல்லா இருக்கோம்... நிம்மதியா வேலையைப் பாருங்க... பிறகு டேப் ஓடுகிற இரைச்சல். அதற்குள், மைக்குக்கு மிகப் பக்கத்தில், ஒரு கிழட்டுக் குரல்.

"வலிக்கா மக்கா?"

அப்புறம்தான் பிள்ளையின் சிரிப்பு.

மம்மது உள்ளே ஓடினான். மெஹர்பானு சுவரைப் பார்த்தபடி சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். அலிமாவின் கால் இன்னும் இறங்கவில்லை, யாரோ பிடித்திருக்கிற மாதிரி அந்தரத்தில் நின்றது. பிள்ளையின் இடுப்பில் அரைஞாண் கயிறு இல்லை. அது தலைமாட்டில், வலது பக்கம்... பந்து மாதிரி சுருட்டி இருந்தது.