கலரைக் கொன்றவள்

வந்தவாசி பஸ்ஸில் என் பின்சீட்டுப் பெண், "மொதல்ல கலரைக் கொன்னேன், அப்பாலதான் வெட்டினேன்" என்றாள். என் காதில் 'கலாவை' என்று விழுந்தது. ஐம்பது வயது ஆம்பிளை, பையைக் கட்டிக்கொண்டு உறைந்தேன்.

"நெசவுக்காரன் பொண்டாட்டி துண்டுத் துணிய ஒட்டுப்போட்டுத் தைக்கிற பட்டுப் போர்வையில அரக்குப் பக்கத்துல பச்சை இல்லன்னா ஆரணியே சிரிக்கும். பேஜார் பண்ணாம பிரிச்சுத் தை" என்றார் அவள் பக்கத்திலிருந்த கணவர்.

"பிரிக்க மாட்டேன். வெட்டறதுக்கு முன்ன துணிங்கள அடுக்கி, கலரைக் கொன்னு போன்ல கறுப்பு வெள்ளையா போட்டோ எடுத்தேன். உங்க அரக்கும் பச்சையும் ஒரே சாம்பலா தெரியுது பாருங்க. பக்கத்துல வெச்சா ரெண்டும் எடுபடாது. அதான் அரக்குக்கு வெளிர் சந்தனக் கலர் வெச்சேன்."

கலா பிழைத்தாள், நானும் மூச்சு விட்டேன். திரும்பிப் பார்த்தேன்; கணவர் போனை வாங்கி உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருபது வருசமா அரக்கும் பச்சையும்தான் நெய்துகினு இருக்கேன்."

"தறி உங்களுது, நெய்ங்க. போர்வை என்னுது."