துணிச்சிறகில் பறந்தவர்களின் கையெழுத்து

மேடையில் வீற்றிருக்கும் பெரியோர்களே, பாளையம்பட்டியிலிருந்தும் பந்தல்குடியிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் தலைவரின் துணைவியார், தங்கை கனகலட்சுமி அவர்களே! டயர்க்கடைப் பூமிநாதன் கனத்த நெஞ்சோடு உங்களை வணங்குகிறேன்.

நம் அஞ்சல்தலை வட்டத்தின் தலைவர், விசைத்தறிக்காரர், 'வானூர்திச் செல்வர்' ஜெகதீஸ்வரன் மறைந்துவிட்டார். அந்தப் பட்டத்தை நாங்கள் கேலியாகத்தான் கொடுத்தோம். மனிதர் அதை லெட்டர்பேடிலேயே அச்சடித்துக்கொண்டார்!

எதைச் சேர்த்தார் அவர்? ஆதிகாலத்து விமானிகளின் கையெழுத்துகளை. நூறாண்டுக்கு முன் தபால் பையோடு வானில் ஏறி, இறங்கியதும் உறையின்மேல் தம் பெயரை எழுதிக் கொடுத்தவர்கள் அவர்கள். அருப்புக்கோட்டைத் தறிக்காரருக்கு அவர்கள் எப்படி உறவானார்கள்? நானும் கேட்டேன்.

"அந்தக் காலத்து ஏரோப்ளேன் றெக்கையெல்லாம் துணிண்ணே. நம்மளாட்டம் ஒருத்தன் நெய்த துணிய நம்பி மேல போயிருக்காக. அவுக நமக்குச் சொந்தமில்லாம யாருக்குச் சொந்தம்?" என்றார்.

மழைக்காக நாம் அண்ணாந்து பார்க்கும் வானத்தை அவர் வேறு எதற்காகவோ பார்த்தார். திருச்சுழி சாலையில் கண்மாய்க் கரைமேல் அந்தியில் நின்றுகொண்டு, ஒரு கையெழுத்தின் சுழிப்பை விரலால் காற்றில் எழுதிக் காட்டுவார். இந்த விமானி வானில் திரும்பும்போது இப்படித்தான் வளைந்திருப்பார் என்பார். பக்கத்தில் நிற்கும் எனக்கும் கரிசல்காட்டுக்கு மேலே வெள்ளையாக ஏதோ மிதப்பது போலிருக்கும். எனக்கா! ஏணியில் ஏறினாலே தலைசுற்றும் எனக்கு!

ஒரு கையெழுத்துக்கு மாற்றாக ஹாலந்துக்காரர் ஒருவருக்குத் தன் தறிச் சேலையை அனுப்பினார். அவர் அதை ஜன்னல் திரையாக மாட்டிப் படமெடுத்து அனுப்பினார். நம் தலைவர் கோபித்தாரா? இல்லை. காற்றில் ஆடட்டும், அதற்கும் பறக்க ஆசை இருக்கும் என்று சொல்லி மகிழ்ந்தார்.

ஆஸ்பத்திரியில் என்னிடம் அவர் கேட்டது ஒன்றுதான். "அண்ணே, எனக்குப் பெறகு இவுகள பீரோவுல அடைச்சு வைக்காதீக. அவுக அவுக பெறந்த ஊருக்கே அனுப்பிருங்க."

கேட்டதும் தங்கை எழுந்து வெளியே போய்விட்டார். பாவம், அவர் என்ன செய்வார்? பிள்ளையில்லாத வீட்டில் இருவரும் சேர்ந்து சீராட்டியது அந்தக் கையெழுத்து ஆல்பத்தைத்தான். காரியம் முடிந்த பின்னும் பீரோச் சாவி அவர் இடுப்பிலேயே இருந்தது. கேட்க எங்களுக்கும் வாய் வரவில்லை.

இன்று காலை அவரே கூப்பிட்டு ஆல்பத்தைக் கையில் கொடுத்தார். ஒரே ஓர் உறையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார். எது தெரியுமா? அது கசங்கி வந்த உறை. தறியில் ஏற்றும் பாவு நூலுக்குப் போடுவதுபோல் அதற்கும் கஞ்சி போட்டு விறைப்பாக்கப் போனார் நம் தலைவர். நூலுக்கு ஆகும், மைக்கு ஆகுமா? கையெழுத்து கரைந்தே போனது. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

அது வெறுந்தாள்தானே அம்மா என்றேன் நான்.

"வெறுந்தாளு இல்லண்ணே. கஞ்சி தடவுன அவுக வெரலு அப்படியே பதிஞ்சு கெடக்கு. பெறந்த ஊருக்குன்னுதான சொன்னாக? இவுக பெறந்த ஊரு இதுதான்."

நண்பர்களே! அந்த ஒன்று இங்கேயே இருக்கும். மற்றவை அனைத்தையும் நம் வட்டம் அவரவர் ஊருக்கு, வான்வழியாகவே அனுப்பிவைக்கும். இந்த அவையில் இது உறுதி. முதல் உறைக்கு முகவரி எழுதியாகிவிட்டது. அனுப்புநர் என்ற இடத்தில் தங்கை தம் கையாலேயே எழுதியிருக்கிறார்: ஜெகதீஸ்வரன், அருப்புக்கோட்டை.